அளவி இல்லாத ஓடையில் வெள்ளம் எவ்வளவு வரும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஓடை. நீர்ப்பிடிப்புப் பரப்பு 18 சதுர கிலோமீட்டர். மிக நீண்ட நீர்ப்பாதை 7.5 கி.மீ., அதன் தலைமாட்டிலிருந்து பாலம் வரை இறக்கம் 220 மீட்டர். பழைய தரைப்பாலத்தை எடுத்துவிட்டு மேம்பட்ட பாலம் கட்ட வேண்டும். இந்த ஓடையில் யாரும் ஒருநாளும் நீரோட்டத்தை அளந்ததில்லை. தாலுகா மழைமானியின் கணக்கு மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழை 180 மி.மீ. என்று எடுத்திருக்கிறீர்கள். மூன்று சூத்திரம் போட்டீர்கள், சிறியதற்கும் பெரியதற்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புவது?

எதையும் தனியாக நம்பாதீர்கள். இந்தச் சூத்திரங்களுக்குள் இருக்கும் எண்கள் எல்லாம் வேறு எங்கோ அளந்தவை. உங்கள் ஓடையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஓடையைச் சாட்சி சொல்ல வைத்த பிறகுதான் சூத்திரத்துக்கு மரியாதை.

முதலில் மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

சென்னை மாகாணத்துக்காகவே 1884-இல் வந்தது ரைவ்ஸ் சூத்திரம். பரப்பை 2/3 அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்கினால் வெள்ளம். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் கெழு 6.8; 80 முதல் 160 கி.மீ. வரை 8.5, மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு 10.2. உங்கள் 18 ச.கி.மீ.க்கு 2/3 அடுக்கு 6.87. மலையடிவாரக் கெழுவைப் போட்டால் வினாடிக்கு 70 கனமீட்டர், அதாவது சுமார் 2,470 கனஅடி (இனி வெள்ளத்துக்குச் சொல்லும் கனமீட்டரெல்லாம் வினாடிக்குத்தான்). இதில் மழையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 10 செ.மீ. பெய்தாலும் 40 செ.மீ. பெய்தாலும் ரைவ்ஸ் ஒரே பதிலைத்தான் சொல்வார். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றும் சொல்ல மாட்டார். ஏரிக் கணக்குகளில் இதையே கொஞ்சம் மாற்றி, மேலே உள்ள ஏரிகள் பிடித்துக்கொள்ளும் பரப்புக்குத் தனியாக ஒரு சிறு கெழு வைத்துக் கழிப்பார்கள். அந்தக் கழித்தலைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு, பிறகு சொல்கிறேன்.

அடுத்து ரேஷனல் முறை. அயர்லாந்தில் முல்வானி 1851-இல் எழுதியது. இன்றும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. மழையின் செறிவு, பரப்பு, அதில் எவ்வளவு பங்கு ஓடும் என்ற கெழு, இந்த மூன்றின் பெருக்கல். மழைச் செறிவு வேண்டுமென்றால் எவ்வளவு நேரத்து மழை என்பது தெரிய வேண்டும். கடைக்கோடியில் விழும் துளி பாலத்துக்கு வந்து சேரும் நேரம்தான் அது. கிர்பிச் சூத்திரப்படி உங்களுக்கு 73 நிமிடம், ஏறத்தாழ 1.2 மணி. 24 மணி மழையிலிருந்து 1.2 மணி மழையை எடுக்க இந்திய வானிலைத் துறையின் கனமூல விதி இருக்கிறது: நேர விகிதத்தின் கனமூலத்தால் பெருக்கினால் போதும். 180 மி.மீ.க்கு 66 மி.மீ. வரும், மணிக்கு 55 மி.மீ. வீதம். கெழு 0.4 என்று வைத்தால் வெள்ளம் 110 கனமீட்டர்.

கெழு 0.4-ஆ 0.5-ஆ என்பதற்கு யாரிடமும் விடை இல்லை. 0.1 கூட்டினால் 27 கனமீட்டர் கூடுகிறது. கிர்பிச் 1940-இல் பயன்படுத்தியது அமெரிக்காவின் டென்னசியில் சில ஏக்கர் முதல் நூற்றுச் சொச்சம் ஏக்கர் வரையிலான பண்ணை நிலங்களின் அளவுகளை. உங்கள் 18 ச.கி.மீ. என்பது 4,400 ஏக்கருக்கு மேல், பாதி மலை. போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 73 நிமிடம் என்று நிமிட சுத்தமாக அறிக்கையில் எழுதும்போது கை கொஞ்சமாவது கூச வேண்டும்.

மூன்றாவது கர்வ் நம்பர் முறை. அமெரிக்க வேளாண் துறையின் மண்வளப் பிரிவு 1950-களில் கொண்டுவந்தது. மண் எந்த வகை, மேலே என்ன வளர்ந்திருக்கிறது, முன்னால் எவ்வளவு நனைந்திருக்கிறது ஆகிய மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிடுவார்கள். 100 என்றால் சிமெண்ட் தளம் மாதிரி விழுந்ததெல்லாம் ஓடும். எண் குறையக் குறைய மண் குடிக்கும். செம்மண், மானாவாரி, மேலே புதர்க்காடு கலந்த உங்கள் பகுதிக்கு 78 வைக்கலாம். 25,400-ஐ 78-ஆல் வகுத்து 254-ஐக் கழித்தால் 71.6 மி.மீ.; அது மண் பிடித்துவைக்கக்கூடிய உச்ச அளவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 14 மி.மீ., ஓட்டம் தொடங்குமுன்பே போய்விடும் என்பது மூலக் கணக்கு. நம் நாட்டுப் பாடநூல்கள் இந்த ஐந்தில் ஒரு பங்கை ஏற்பதில்லை: நனைந்த கரிசலுக்குப் பத்தில் ஒரு பங்கு, மற்ற மண்ணுக்குப் பத்தில் மூன்று பங்கு என்பார்கள். இங்கே மூலக் கணக்கிலேயே போகிறேன், ஒப்பிட எளிது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது நனைவு. இதை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரே 75 மி.மீ. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து கிடக்கும் நிலத்தில் விழுந்தால் 78 என்பது 61 ஆக இறங்குகிறது, ஓடுவது 9 மி.மீ. சராசரி நனைவில் 28 மி.மீ. ஐந்து நாளாக அடைமழை பெய்து ஊறிக்கிடக்கும்போது எண் 89 ஆகிறது, ஓடுவது 48 மி.மீ. உங்கள் ஓடையில் முதல் கணக்குக்கு மொத்தம் 1.6 லட்சம் கனமீட்டர் தண்ணீர் வரும், கடைசிக் கணக்குக்கு 8.6 லட்சம். அதே மழை, அதே மண், அதே மலை. ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். புரட்டாசிக் கடைசியில் பெய்த பெருமழைக்கு ஓடை முழங்கால் அளவு போனதையும், கார்த்திகையில் அதைவிடக் குறைந்த மழைக்குத் தரைப்பாலம் மூழ்கியதையும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்தது, மழை எந்த நேரத்தில் கொட்டியது என்பது. மழைமானிப் புத்தகத்தில் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரே எண்தான் இருக்கும். அந்த 180 மி.மீ.க்குள் 66 மி.மீ. 1.2 மணி நேரத்தில் கொட்டியதாக வைத்தோம். அது நாளின் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டால், மண் இன்னும் குடிக்கிற நிலையில் இருக்கும். அதிலிருந்து ஓடுவது 22 மி.மீ.தான். நடுவில் என்றால் 50 மி.மீ. மீதி 114 மி.மீ.யும் பெய்து முடித்த பிறகு கடைசியில் கொட்டினால் 58 மி.மீ. இதை முக்கோண வடிவ அலகு நீர்வரைபடத்தில் (ஒரு மி.மீ. ஓட்டம் ஓடையில் எப்படி ஏறி இறங்கும் என்று காட்டும் படம்) போட்டால், உச்சம் எட்டும் நேரம் 1.33 மணி என்ற கணக்கில், உச்ச வெள்ளம் முறையே 61, 140, 162 கனமீட்டர். மொத்த மழையில் ஒரு துளிகூட மாறவில்லை. வடிவமைப்புக்கு வழக்கமாக நடுவில் வைப்போம், எனவே 140.

ஆக 70, 110, 140. உங்களுக்கு வந்ததும் ஏறத்தாழ இதுதான்.

சிறுபாலங்களுக்கான இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டியில் இதற்கு ஒரு நடைமுறை விதி இருக்கிறது: வெவ்வேறு முறைகளில் வந்தவற்றில் மிகப் பெரியதை எடு, அது அடுத்ததைவிட 50 சதவீதத்துக்கு மேல் பெரிதாக இருந்தால் அந்த 50 சதவீதத்தோடு நிறுத்திக்கொள். உங்கள் கணக்கில் 140 என்பது 110-ஐவிட 27 சதவீதம்தான் அதிகம், எனவே 140 நிற்கும். கோப்புக்கு இது போதும். எனக்குப் போதாது.

இப்போது ஓடைக்கு வாருங்கள். பாலத்துக்கு மேலும் கீழும் அரை கிலோமீட்டர் நடங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. நேராக, ஒரே அகலமாக ஓடும் இடம் ஒன்று பாருங்கள். வேலி முள்ளில் சிக்கிய செத்தை, கரைமேல் படிந்த வண்டல் கோடு, கோயில் சுவரில் தண்ணீர் நின்ற கறை, இவையெல்லாம் நம் அளவிகள். "எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்டால் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "அன்றைக்கு அந்தப் பம்புசெட்டு அறைக்குள் தண்ணீர் நுழைந்ததா, வாசப்படியில் நின்றதா?" என்று கேளுங்கள், பதில் அங்குல சுத்தமாக வரும். எந்த வருடம் என்பதற்கும் அப்படியே: யார் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னா பின்னா என்று பிடித்தால் தேதி வரை போய்விடலாம். தேதி கிடைத்ததும் மழைமானிப் புத்தகத்தில் அந்த நாளைத் திறந்து பாருங்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அந்தத் தடத்தின்படி வெட்டுப்பரப்பு 38 சதுர மீட்டர், நனைந்த சுற்றளவு, அதாவது தண்ணீர் தொடும் தரையும் கரையும் சேர்ந்த நீளம், 24 மீட்டர், சரிவு 200-க்கு 1. இவற்றிலிருந்து வெள்ளத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் ஓடையின் சொரசொரப்பு எண் 0.035 என்றால் 104 கனமீட்டர். சீமைக்கருவேல் மண்டிய ஓடை என்று 0.045 வைத்தால் 81. சரி, 81-க்கும் 104-க்கும் நடுவில்.

இனிப் பக்கத்து ஓடைக்குப் போங்கள், அங்கே ஏரி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஏரி நிரம்பி உபரி வழிகிற, அதாவது கோடி போகிற, கலங்கல் ஒன்று. கலங்கல் என்பது உண்மையில் நீரளவி. நாம்தான் அதை அப்படிப் பார்ப்பதில்லை. தெற்கத்திக்காரர்கள் மறுகால் என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். அகன்ற உச்சி கொண்ட கலங்கலில் ஓடும் நீரை, நீளத்தையும் மேலே நின்ற நீரின் உயரத்தின் 1.5 அடுக்கையும் பெருக்கி, 1.7-ஆல் பெருக்கினால் கண்டுபிடித்துவிடலாம். 40 மீட்டர் கலங்கல், அதே இரவில் அதன்மேல் 90 செ.மீ. தண்ணீர் போனது என்று மடை திறப்பவர் சொன்னால், 58 கனமீட்டர். அந்த ஏரியின் நீர்ப்பிடிப்பு 11 ச.கி.மீ. என்றால், பரப்பு விகிதத்தின் 2/3 அடுக்கால் பெருக்கி உங்கள் 18 ச.கி.மீ.க்குக் கொண்டுவரலாம்: 81. ஏரி தன் பரப்பில் கொஞ்சம் தேக்கி உச்சத்தை மழுங்கச் செய்திருக்கும், ஆகவே உண்மை இதைவிடச் சற்றுக் கூடுதல். மேனிங் கணக்கில் வந்த 81–104 என்ற இடைவெளியின் கீழ்ப்பாதியைத்தான் இரண்டு சாட்சிகளும் சேர்ந்து காட்டுகின்றன. 90 என்று வைப்போம்.

அந்த நாளின் மழை புத்தகத்தில் 130 மி.மீ. என்று இருந்தால், மேலே செய்த கர்வ் நம்பர் கணக்கை 180-க்குப் பதில் 130-க்குப் போடுங்கள். 78-க்கு 87 கனமீட்டர் வருகிறது. ஊறிய மண்ணின் 89-க்கு 118. சாட்சி சொல்லும் 90-க்குப் பக்கத்தில் நிற்பது 78. இப்போதுதான் அந்த 78 என்ற எண் உங்கள் ஓடையுடையது ஆகிறது. அதுவரை அது அமெரிக்க அட்டவணையுடையது. 90-க்குப் பக்கத்தில் எந்த எண்ணும் வரவில்லை என்றால், மழைமானிதான் பொய் சொல்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். 20 கி.மீ. தள்ளி இருக்கும் மழைமானிக்கு மலைமேல் கொட்டிய மழை தெரியாது. காலை 8.30-ஐக் கடந்து பெய்த மழை இரண்டு நாளாகப் பிரிந்து பதிவாகியிருக்கும்; முந்தின, பிந்தின நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். அதனால்தான் ஒருநாள் உச்சங்களை வைத்து ஆய்வு செய்யும்போது 24 மணி உச்சத்துக்கு மாற்ற ஏறத்தாழ 1.13-ஆல் பெருக்குவது வழக்கம். உங்கள் 180-இல் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் மழையை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ.க்கு 11 கி.மீ.; உங்கள் ஓடை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் ஆறு தடவை அடங்கும். எவ்வளவு பெய்தது என்பதற்கு அதை நம்ப மாட்டேன். எந்த அரை மணியில் கொட்டியது என்பதற்கு எடுப்பேன். புத்தகத்தின் அளவு, செயற்கைக்கோளின் நேரம், இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல மழை கிடைக்கும்.

நீர்ப்பிடிப்பு எல்லையைக் கணினியில் உயர வரைபடத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னீர்கள். மலைப்பகுதிக்குச் சரி. சமவெளிக்கு வந்ததும் 30 மீட்டர் கட்டத்துக்கு ஏரிக்கரையும் தெரியாது, வரத்துக்காலும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழாய்ப்பாலத்துக்கு வரைபடத்தைப் பார்த்து 9 ச.கி.மீ. என்று எழுதினேன். இரண்டாவது மழைக்காலத்தில் தண்ணீர் சாலைமேல் ஏறி ஒரு பக்க அணுகுசாலையைக் கொண்டுபோய்விட்டது. போய்ப் பார்த்தால், பக்கத்து ஓடையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர யாரோ ஒரு காலத்தில் வெட்டிய வரத்துக்கால் இன்னொரு 4 ச.கி.மீ. தண்ணீரை என் பாலத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது ஒரு வாய்க்கால் கோடு. நான் பார்த்தும் பார்க்காமல் விட்ட கோடு. அன்றிலிருந்து எல்லையை நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது நான்குவழிச் சாலைகள் வேறு குறுக்கே படுத்து, மூன்று ஓடைத் தண்ணீரை ஒரே பாலக்கண்ணுக்கு அனுப்புகின்றன.

ரைவ்ஸ் கழித்தலைப் பற்றிய மனக்குறைக்கு வருகிறேன். மேலே ஏரி இருந்தால் வெள்ளம் குறையும் என்பது ஐப்பசித் தொடக்கத்தில் உண்மை. ஏரி பாதி காலி, வந்ததைக் குடித்துவிடும். கார்த்திகையில் எல்லா ஏரியும் கோடி போய்க்கொண்டிருக்கும்போது அது வந்ததை அப்படியே தள்ளிவிடும், கொஞ்சம் தாமதமாக. கரை உடைந்தாலோ, வந்ததைவிட அதிகம் தள்ளும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தபோது அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீர் மட்டும் அல்ல. அந்த ஏரிக்கு வெளியே மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதே ஆற்றில்தான் விழுகிறது. மதகில் திறந்ததற்குக் கனஅடிக் கணக்கு இருந்தது. ஏரித்தொடரிலிருந்து வந்ததற்கு, நீங்கள் இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மாதிரிக் கணக்குதான் வழி. ஆகவே உங்கள் 18 ச.கி.மீ.க்குள் ஏரி இருந்தால் அதற்காக ஒரு கனமீட்டர்கூடக் கழிக்காதீர்கள்.

மத்திய நீர்வள ஆணையம் நாட்டை 26 நீர்வானிலை உள்மண்டலங்களாகப் பிரித்து வெளியிட்ட வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளையும் பாருங்கள். ரயில்வே பாலங்களில் அளந்த சிறு ஓடைகளின் வெள்ளத்தை வைத்து, ஓடையின் நீளம், சரிவு ஆகியவற்றிலிருந்து அலகு நீர்வரைபடத்தை எடுக்கும் வழி அவற்றில் இருக்கிறது. டென்னசியைவிட இது உங்களுக்குச் சொந்தக்காரர். ஆனால் 25 ச.கி.மீ.க்கு மேற்பட்ட ஓடைகளை மனதில் வைத்து எழுதியவை. உங்களுடையது சற்றுச் சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உரியதல்ல. சர்வதேச நீரியல் அறிவியல் சங்கம் 2003 முதல் 2012 வரை ஒரு பத்தாண்டையே அளவி இல்லாப் படுகைகளுக்கு ஒதுக்கியது. அதன் முதல் தலைவர் இலங்கையில் பிறந்த முருகேசு சிவபாலன். பத்தாண்டு முடிந்தும் எல்லா ஓடைக்கும் பொருந்தும் ஒரு சூத்திரம் பிறக்கவில்லை. அளந்த ஓடையிலிருந்து அளக்காத ஓடைக்குப் போகும்போது எதில் எது ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒழுங்குதான் கிடைத்தது. பக்கத்து ஏரிக் கலங்கலை வைத்து நாம் செய்தது அதன் ஏழைத் தம்பி.

50 ஆண்டு மழை 180 மி.மீ. என்பதையும் கல்லில் செதுக்காதீர்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அதற்கு முன்பிருந்த முப்பது நாற்பது வருடப் புத்தகத்தை எப்படிப் பிழிந்தாலும் அந்த எண் சொட்டியிருக்காது. அதற்காகப் பாலத்தை 95 செ.மீ.க்குக் கட்ட முடியாது. அந்த மாதிரி இரவில் பாலம் நிற்குமா, கழுவிக்கொண்டு போகுமா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 140 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 4,950 கனஅடிக்கு வடிவமைப்பேன். வினாடிக்கு 3 மீட்டர் வேகம் என்றால் 47 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரத்தில் ஐந்து கண் வைத்தால் சரியாக வரும். பிறகு ஊறிய மண்ணின் 89-ஐப் போட்டு, அதே 180 மி.மீ.க்கு வரும் 171 கனமீட்டரையும் ஓட்டிப் பார்ப்பேன். அந்த மிச்சத் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறாமல், ஒரு பக்க அணுகுசாலையை அரை மீட்டர் தாழ்த்தி, கான்கிரீட் போட்டு, அதன் வழியாகப் போக விடுவேன். மலை ஓடை மரத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும் என்பதால் கண்களைக் குழாயாக வைக்கவே கூடாது.

மதிப்பீட்டில் இன்னும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மேல்புறத் தூணில் அடித்தளத்திலிருந்து உச்சிவரை பத்து செ.மீ.க்கு ஒரு கோடாக மஞ்சள் பெயிண்ட். பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு நோட்டு கொடுத்து, தண்ணீர் எந்தக் கோட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று மழைநாளில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து வரிதான் சேரும். கோடுகள் தூணின் பக்கவாட்டு முகத்தில், நீரோட்டம் நேரே மோதாத ஓரமாக இருக்கட்டும்; முன்முகத்தில் அடித்தால் மோதி எழும் அலையைத்தான் எழுதிவைப்பார்.